வலி பூஜ்யம், தண்ணீர் சுத்தம்

“வலி எவ்வளவு இருக்குங்க்கா? வலியே இல்லைன்னா பூஜ்யம். தாங்கவே முடியலைன்னா பத்து. நடுவுல ஒரு நம்பர் சொல்லுங்க.”

பெண்கள் வார்டின் ஐந்தாம் படுக்கையில் இருந்த செல்வராணி அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். கையிலிருந்த எழுது அட்டையைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, வலது பக்கம் போர்வையை இழுத்து மூடிவிட்டுச் சிரித்தார்.

“வலியா? பூஜ்யம் மேடம்.”

“சரிங்க்கா. நர்ஸ் நேரத்துக்கு வந்து…”

“தண்ணி நல்லா இருக்கு மேடம். கேன் தண்ணிதான். பாத்ரூம் ரொம்ப சுத்தம். தீப்பிடிச்சா அந்தா, அந்த வாசல் வழியா வரிசையாப் போவணும். யாரையும் தள்ளக் கூடாது.”

பித்தப்பை அறுவை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது அவருக்கு. அதற்குள் தீப்பிடித்தால் போகும் வழி வரை தெரிந்து வைத்திருக்கிறாரே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் ஊழியர்கள் எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! ‘பாதுகாப்பு விழிப்புணர்வு: மிக நன்று’ என்று தனி வரி எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

அந்த அடிக்கோடு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் காது சூடாகிறது.

இறந்தவர் அல்ல, வீட்டுக்குப் போனவர்

நான் ஆஸ்பத்திரியின் தரப் பிரிவில் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் படித்த உடுமலைப்பேட்டை வாசகர் ஒருவர், “ஆஸ்பத்திரியில் ஆடிட்டருக்கு என்னம்மா வேலை? அது கணக்குப் பார்க்கிறவர்கள் வேலை ஆயிற்றே” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மாமாவும் இதையேதான் கேட்டார். கேட்டுவிட்டு அவருடைய வருமான வரிக் காகிதங்களையும் கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் ஆடிட்டில் ரூபாய் வராது. நோயாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோமா, நேரத்துக்குச் செய்தோமா, செய்ததை எழுதினோமா என்று பார்ப்பதுதான் வேலை. கேஸ் ஷீட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பேன். நான் சேர்ந்த புதிதில், எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாருக்கும் ஒரே உடல் சூடு, ஒரே நாடித்துடிப்பு என்பதைக் கண்டுபிடித்தேன். காய்ச்சல் என்று சேர்ந்தவருக்கும் அதே சூடுதான்.

ஒரு முறை, காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன ஒருவருக்கு மதியம் இரண்டு மணிக்கு நாடித்துடிப்பு எழுபத்திரண்டு என்று பதிவாகியிருந்தது. வார்டு பொறுப்பாளர் ரோஸ்லின் சிஸ்டரிடம் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “நல்லாத்தானே இருக்காரு? இதுல என்ன தப்பு?”

“அவரு இங்க இல்லீங்க சிஸ்டர்.”

“எங்க இருந்தா என்ன, எழுபத்திரண்டு நல்ல நம்பர்” என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து, அந்தக் கட்டங்களை ஷிப்டு தொடங்கும்போதே மொத்தமாக நிரப்பிவிடும் பழக்கத்துக்காக வார்டே அதிரும்படி திட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. கோபம்தான் கொஞ்சம் தாமதமாக வரும்.

கார் வந்தால் ஒத்திகை

எங்கள் வீட்டில் ஆடிட்டை நான் படிப்பதற்கு வெகு காலம் முன்பே தெரியும். அப்பா நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா அதே கம்பெனியில் செக்கிங். அப்பா இரண்டாம் வகுப்பில் பாதி வரை போனார். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலில் நுழைந்தது என்னைச் சேர்க்கத்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிச் சான்றிதழைக் கையில் வாங்கிய முதல் ஆள் நான். இதை ஏற்கெனவே மூன்று வாரம் எழுதிவிட்டேன். நான்காம் முறையும் எழுதுவேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட்டர் கம்பெனிக்கு வரும் வாரத்தில் எங்கள் வீடு பரீட்சை நேரத்து வீடு மாதிரி இருக்கும். சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த பதில்களை அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

“தண்ணி?”

“நல்லா இருக்குதுங்க.”

“பாத்ரூம்?”

“சுத்தமா இருக்குதுங்க.”

“தீப்பிடிச்சா?”

“அக்கட்டால வாசல். தள்ளக் கூடாதுங்க.”

“சிரிச்சுட்டே சொல்லோணும் புள்ள. தீப்பிடிச்சாங்கறப்பவும் சிரிச்சுட்டேதான்.”

அன்றைக்குக் கம்பெனி தளம் கழுவப்படும். புது மாஸ்க் வரும். ரிஜெக்ட் ஆன பீஸ்கள் எல்லாம் மேசைக்கு அடியில் போய், மேலே துணி போர்த்தப்படும். யாராவது உண்மையைச் சொன்னால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் யாருக்கு முதலில் வேலை போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு ஆஸ்பத்திரியில் ‘ஆடிட்’ வேலை என்றதும் அப்பாவுக்கு ஒரே ஒரு படம்தான் கண்ணில் ஓடியது: காரில் வந்து இறங்கும் ஆள், வாசலில் நிற்கும் முதலாளி. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் ஸ்கூட்டியில்தான் போகிறேன் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் அம்மா என் அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுப்பார். அப்பா வலது தோளை உருட்டிக்கொண்டே நின்று பார்ப்பார். “தோள்ல என்னப்பா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா” என்று சிரிப்பார்.

இத்தனையும் பார்த்து வளர்ந்த எனக்கு, செல்வராணி அக்கா தீப்பிடித்தால் போகும் வழியைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது ஒன்றும் உறைக்கவில்லை. படித்த படிப்பு அப்படி.

ஊருக்கெல்லாம் இரண்டு

அந்த வாரம் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது வலி ஆடிட். அறுவைச் சிகிச்சை முடிந்தவரிடம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வலி எத்தனை என்று கேட்க வேண்டும். கூடுதலாக இருந்தால் மருந்து கொடுத்து, மறுபடியும் கேட்க வேண்டும். கேஸ் ஷீட்டுகளைப் பார்த்தால் எல்லாருக்கும் இரண்டு. கர்ப்பப்பை எடுத்தவருக்கும் இரண்டு, கால் விரலில் கட்டி எடுத்தவருக்கும் இரண்டு. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத ஒடிசாப் பெண்ணுக்கும் இரண்டு.

சந்தேகப்பட்டேன். சந்தேகப்படத்தானே சம்பளம்! நேரில் போய்க் கேட்பது என்று முடிவு செய்து, அட்டையை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு படுக்கையும் சுற்றினேன். பதில் இன்னும் பிரமாதம். எல்லாருக்கும் பூஜ்யம். நர்ஸ்கள் அடக்கத்தோடு இரண்டு என்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தலைமை மருத்துவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். அவர் முன்பே சொல்லியிருந்தார்: “அடுத்த வாரம் வெளியே இருந்து தர மதிப்பீட்டுக் குழு வருது. வலி ஆடிட்டை நீயே அவங்களுக்குச் சொல்லு. அது நல்லா முடிஞ்சா உன் வேலையை நிரந்தரம் பண்ணிடலாம்.”

என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் அத்தோடு முடிகிறது. நூற்றுக்கு நூறு என்று பச்சை நிறத்தில் ஒரு ஸ்லைடு செய்தேன். அழகாக இருக்கட்டும் என்று மூலையில் ஒரு சூரியகாந்திப் பூவும் வைத்தேன்.

அட்டை காய்ந்துகொண்டிருந்தபோது

மதியச் சாப்பாட்டில் சாம்பார் என் அடையாள அட்டையில் கொட்டியது. கழுவி, ஊழியர் அறை ஜன்னலில் காயப் போட்டேன். வார்டில் பேனாவை விட்டுவிட்ட நினைவு வந்தது. அட்டை இல்லாமலே உள்ளே போனேன். நான்காம் படுக்கைக்கும் ஐந்தாம் படுக்கைக்கும் நடுவில் திரை இழுத்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நின்று குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, கை இப்புடி வீங்கிக் கெடக்குதே. அந்தப் புள்ளைகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

இது ஆறாம் படுக்கை பொன்னாத்தாள் அக்கா. கொமரலிங்கத்தில் விவசாயம், குடல்வால் அறுவை.

“எந்தப் புள்ள? ஆடிட்டுப் புள்ளைட்டயா?” செல்வராணி அக்காவின் குரல். அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், பனியன் வேலைக்கு இங்கே வந்து பல வருஷம். “நல்லா இருக்கே நியாயம்! நான் வலிக்குன்னு சொன்னா அது எழுதிட்டுப் போயிரும். நாளைக்கு அந்தச் சின்ன நர்சு அனிதாவ வீட்டுக்கு அனுப்பிருவாவ. ஒத்தப் புள்ள, பன்னெண்டு கட்டிலுக்கு ஓடுது. பாவமா இல்ல?”

“அதுஞ் செரிதானுங்க. எனக்குங்கூட சுருக்கு சுருக்குன்னுதான் குத்துது.”

“நீங்க எத்தன சொன்னீய?”

“பூஜ்யமுங்க. எல்லாரும் பூஜ்யம் சொல்றப்ப நாம மட்டும் நாலுன்னா, பாக்கறதுக்கு நல்லாருக்குமுங்களா?”

சூரியகாந்திப் பூ என் கண் முன்னால் வாடியது.

திரையை விலக்கினேன். செல்வராணி அக்கா மின்னல் வேகத்தில் வலது கையைப் போர்வைக்குள் தள்ளினார்.

“கையைக் காட்டுங்க்கா.”

“தண்ணி நல்லா இருக்கு மேடம்.”

“தண்ணி கெடக்குதுங்க்கா. கையைக் காட்டுங்க.”

“பாத்ரூமும்…”

“அக்கா, பாருங்க, கழுத்துல அட்டை இல்லை. கையில பேனாகூட இல்லை. எங்கம்மா நெருப்பெரிச்சல்ல செக்கிங். எங்கப்பா ஓவர்லாக்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “செக்கிங்காரி மவளா நீ? அப்ப ஆடிட்டு அன்னைக்கு ரிஜெக்ட் பீசு எங்க இருக்கும்?”

“மேசைக்கு அடியில. மேல துணி போட்டு.”

போர்வை மெதுவாக விலகியது.

புறங்கை உப்பிப் போய் மணிக்கட்டு எங்கே என்றே தெரியவில்லை. டிரிப்ஸ் ஊசி இறங்கிய இடம் கன்றிச் சிவந்து, அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்கையை நோக்கிக் கிளம்பியிருந்தது. தொட்டால் சுட்டது. கேஸ் ஷீட்டில் ‘ஊசி போட்ட இடம்’ என்ற கட்டத்தில் சரி, சரி, சரி என்று மூன்று டிக். மூன்றாவது, இன்னும் தொடங்காத ஷிப்டுக்கு.

“இப்பச் சொல்லுங்க. எத்தனை?”

“எட்டு.” கொஞ்சம் யோசித்தார். “ஒன்பது. நீ எட்டுன்னு போட்டுக்கோ.” அதுவரை இருந்த கிண்டல் அவர் குரலைவிட்டு இறங்கியது. “ஏம்மா, இது சரியாயிரும்லா? நான் சிங்கர் டெய்லர். இந்தக் கை மடங்கலன்னா என்னைய எவன் மிசின்ல உக்கார வைப்பான்?”

படிக்கட்டில் ஓடி ரோஸ்லின் சிஸ்டரை அழைத்துவந்தேன். இந்த முறை அவருக்குக் கோபம் தாமதிக்கவில்லை. ஊசி உருவப்பட்டது. சர்ஜன் வந்து பார்த்து, மருந்துக் கட்டுப் போடச் சொன்னார். கையை உயர்த்தி வைக்கச் சொன்னார். “இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உள்ளே சீழ் கட்டியிருக்கும். அப்புறம் விரல் மடக்கறதே பாடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் டியூட்டி?

அன்று மாலையே பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். “சார், என் நூற்றுக்கு நூறு தப்பு.”

கேட்டு முடித்ததும் அவருடைய முதல் கேள்வி: “யார் டியூட்டி?”

என் நாக்கு எனக்கு முன்னால் ஓடிவிட்டது. “சார், இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அந்த அக்கா கையை ஒளிச்சு வச்சிருந்தாங்க.”

ஆறு மாதத் தகுதிகாண் காலம், அப்பா தெரு முழுக்கச் சொன்னது, ஸ்கூட்டி, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. வரிசையாகத்தான், ஒன்றை ஒன்று தள்ளாமல்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். “சரி. எத்தனை பேர் டியூட்டி?” என்றார்.

“ஒருத்தர் சார். பன்னிரண்டு படுக்கைக்கு.”

அதை எழுதிக்கொண்டார். “நிஜ நம்பரை எப்படி வாங்குவே? நீ கேட்டா பூஜ்யம், நான் கேட்டா கும்பிடு.”

“நாளைக்குச் சொல்றேன் சார்” என்றேன். அந்த நேரத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை.

வீட்டில் இருந்தது. அம்மா ‘ஏரோ’ என்று சொல்லும் ஸ்டிக்கர். சிவப்பு நிறத்தில், சுண்டு விரல் நகம் அளவுக்கு ஓர் அம்புக்குறி. துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவாக இருந்தாலும் செக்கிங்கில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அம்பை ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுப்பார்கள். என் பள்ளிப் புத்தக லேபிள் முதல் கேஸ் அடுப்புக் குழாய் வரை எங்கள் வீட்டில் அது ஒட்டாத இடம் இல்லை.

மறுநாள் ஒரு காகிதத்தில் மனித உருவம் ஒன்றை வரைந்தேன், முன்பக்கம், பின்பக்கம். நகல் எடுத்துப் படுக்கைக்கு ஒன்று கொடுத்தேன், ஆளுக்கு ஒரு பட்டை ஸ்டிக்கர். “வலிக்கிற எடத்துல ஒட்டுங்க. கொஞ்சம்னா ஒண்ணு, ரொம்பன்னா மூணு. பேரு வேண்டாம், படுக்கை நம்பர் வேண்டாம். பெட்டியில போட்டுருங்க. யாருக்காவது உடனே மருந்து வேணும்னா மட்டும் கையைத் தூக்குங்க.”

செல்வராணி அக்கா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பண்டல் நம்பர் கெடையாதா? அப்ப தச்சது யாருன்னு தெரியாதுல்லா?”

“தெரியாதுங்க்கா.”

“அப்படிச் சொல்லு” என்று இடது கையால் பட்டையை வாங்கிக்கொண்டார்.

வார்டு, செக்கிங் டேபிள் ஆன கதை

பதினைந்து நிமிடத்தில் பூஜ்யம் ஒழிந்தது. பனியன் கம்பெனிப் பெண்கள் சளைக்காமல் ஒட்டினார்கள். ஒடிசாப் பெண் யாரும் விளக்குவதற்கு முன்பே இடுப்பில் மூன்று அம்பு ஒட்டி, கையையும் தூக்கிவிட்டாள். அவளுக்குச் சேர்ந்த நாளிலிருந்து இடுப்பு வலித்திருக்கிறது. எங்கள் ‘இரண்டு’க்கு அது தெரியாது.

பட்டையில் மிச்சம் இருந்ததால் கை சும்மா இருக்கவில்லை. ஒலிக்காத அழைப்பு மணியில் ஓர் அம்பு. நின்றுபோன சுவர்க் கடிகாரத்தில் ஓர் அம்பு. குழிவிழுந்த மெத்தையில் நான்கு. சாம்பார் வாளியின் மூடியில் எத்தனை என்று சொன்னால் எங்கள் சமையல்காரர் வருத்தப்படுவார்.

அன்று பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போனபோது அவருடைய வெள்ளைக் கோட்டின் முதுகில் ஓர் அம்பு இருந்தது. இரண்டு மாடி இறங்கி, மருந்தகம் தாண்டி, வாசல் வரை போய்விட்டார். காவலாளிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாராம்.

திரும்பி வந்தார். கையில் ஸ்டிக்கர். “இது யாரு?”

வார்டே கூரையைப் பார்த்தது. கடைசியில் பொன்னாத்தாள் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்க சாமி. நல்ல டாக்டருதான் நீங்க. ஆனா ரெண்டு நிமிசம் நிக்க மாட்டீங்கறீங்களே. என்னவோ சொல்லலாம்னு வாயத் தொறக்கறப்ப உங்க முதுகுதானுங்க தெரியுது.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சொல்லுங்க” என்றார். பொன்னாத்தாள் அக்கா திகைத்துப்போனார். “பரவால்லீங்க” என்று வாய் தானாகத் தொடங்கியது. செல்வராணி அக்கா ஓர் இருமல் இருமினார். “…இல்லீங்க, குத்துதுங்க” என்று முடித்தார்.

மதிப்பீட்டுக் குழு வந்த அன்று பச்சை ஸ்லைடு இல்லை. அம்புகள் ஒட்டிய காகிதங்களைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தேன். அதற்குப் பக்கத்தில், இரண்டாம் ஷிப்டுக்குக் கூடுதலாக ஒரு நர்ஸ் போடப்பட்ட உத்தரவு. அனிதா அதன் கீழேயே நின்றாள். குழுவில் மூத்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “இது எந்த ஊர் முறை? எங்கிருந்து எடுத்தீங்க?”

“நெருப்பெரிச்சல் செக்கிங் டேபிள் சார்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டிக் கேட்டதால் இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

எங்கள் மதிப்பெண் குறைந்தது. என் வேலை நிரந்தரமானது.

செல்வராணி அக்கா மறு பரிசோதனைக்கு வந்தபோது கை வீக்கம் வடிந்திருந்தது. என் மேசை முன் நின்று ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினார். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக் காட்டினார். “திங்கக்கிழமை மிசின்ல உக்காருதேன்.” சொல்லிவிட்டு மிச்சம் வைத்திருந்த ஓர் அம்பை என் அடையாள அட்டையின் நடுவில் ஒட்டினார். “இதுதான் ஆல்ட்டரு, சரி பண்ண வேண்டிய எடம். பேசும்போது இதைக் கழட்டி வச்சுட்டுப் பேசு.”

மூன்று பேர் வீடு

அன்று மாலை அம்மா மறுநாளைக்கென்று அட்டையைத் துடைக்க எடுத்தார். அம்பைப் பார்த்ததும் செக்கிங்காரியின் கை தானாக அதை உரிக்கப் போனது. தடுத்தேன். கதை முழுவதையும் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டாக்டரின் முதுகுக்கு வந்ததும் அப்பா சிரித்த சிரிப்பில் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“வலிக்குதாப்பா?”

“ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா.”

மிச்சமிருந்த உருவக் காகிதங்களையும் ஸ்டிக்கர் பட்டைகளையும் டிவி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தபோது அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாவு கரைத்துக்கொண்டிருந்தார். இருவருமே என் பக்கம் திரும்பவில்லை. டிவி மேல் ஒரே காகிதம், குப்புறக் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். வலது தோளில் மூன்று அம்பு, அவசரமாக, கோணலாக. இரண்டு முழங்காலிலும் இரண்டிரண்டு, செக்கிங் மேசையில் ஒட்டுவது போல் நேராக.

பண்டல் நம்பர் இல்லை. யார் என்றும் நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை எலும்பு மருத்துவர் ஓ.பி.யில் முதல் இரண்டு டோக்கனும் எங்கள் வீட்டுக்குத்தான். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.